பதினோராவது பெயரைத் தேடிச் சிறுமுகைக்கு

சிறுமுகைக்கு யாரும் ஊர் சுற்றப் போவதில்லை. மேட்டுப்பாளையம் வரை வருகிறவர்கள் மலையைப் பார்த்ததும் ஊட்டிப் பக்கம் போய்விடுவார்கள். பட்டுப்புடவை வாங்குகிறவர்களும் வாழைக்காய் வியாபாரிகளும்தான் கிழக்கே திரும்புவார்கள். நான் போனது ஒரு பழைய கால்பந்து ஃபுல்பேக்கை, அதாவது தடுப்பாட்டக்காரரைத் தேடி. தொண்ணூறுகளின் நடுவில், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். இந்த வழியாகப் போகப் போவதாக இரண்டு பேர் எழுதிக் கேட்டதால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் கட்டணமெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு. அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

எங்கள் போத்தனூர் கால்பந்து க்ளப்பின் பெயரைச் சொன்னால் எதிர் க்ளப் ஆட்கள் இப்போதும் சண்டைக்கு வருவார்கள். நீலச்சட்டை என்று வைத்துக்கொள்வோம். அந்த வருடம் க்ளப்புக்கு இருபத்தைந்தாவது வருடம். மைதானத்துச் சுவரில் எல்லாக் காலத்துக்கும் சேர்த்துப் பதினொரு ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுதுவதாகக் கமிட்டி முடிவு செய்தது. பத்துப் பெயர்களில் சண்டை இல்லை. பதினோராவது பெயருக்காக மைதானத்துக்கு எதிரே இருந்த பேக்கரி மூன்று வாரம் ரணகளமானது. டீ ஆறிப்போகும், தேங்காய் பன் காய்ந்துபோகும், வாய் மட்டும் ஓயாது.

என் ஆள் வேலுசாமி. நம்பர் மூன்று, நெட்டையான ஃபுல்பேக். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு செமிஃபைனலில், கொட்டுகிற மழையில், கடைசி நிமிடத்தில் கோல் கோட்டிலேயே விழுந்து பந்தைத் தட்டிவிட்டுக் க்ளப்பைக் காப்பாற்றியவர். அதற்கடுத்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கோல் அடித்தால் கூட்டத்திலிருந்து ஒருவர் மைக்கிடம் ஓடிப்போய் அன்பளிப்பு அறிவிப்பார். இந்தக் கோலுக்கு ஒரு சேவல், இந்தக் கோலுக்கு ஒரு எவர்சில்வர் குடம் என்று ஒலிபெருக்கி அலறும். தடுத்தவனுக்கு ஒரு கோழிமுட்டைகூடக் கிடைக்காது. எனக்கு அதில்தான் எரிச்சல். அன்பளிப்பு வாங்காமல் போன மனுசனுக்குச் சுவரிலாவது இடம் கொடுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பேக்கரியில் எனக்கு எதிராக நின்ற காசிம் பாயின் ஆள் சலீம். பாய் கோட்டைமேட்டில் தையல்கடை வைத்திருந்தார். எங்கள் க்ளப் ஜெர்சி எல்லாம் அவர் தைத்ததுதான். சலீமும் நெட்டை, நம்பர் ஐந்து. தொண்ணூறு நிமிடமும் ஓடுவார், ரெஃபரியிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார். "ஓடுறதுக்கெல்லாம் பேர் எழுதினா டவுன் பஸ் பேரையும் எழுதணும் பாய்" என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை அவர். சலீம் போத்தனூரிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். இந்தச் சண்டை காதில் விழுந்தாலும் சிரித்துக்கொண்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார்.

கடைசியில் க்ளப் செக்ரட்டரி டேவிட் சார் ஒரு தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கெழமை டோர்னமெண்ட் ஃபைனலுக்கு முன்னாடி நேர்ல வந்து மாலை வாங்கறவங்க பேருதான் செவுத்துல. காணாமப் போனவங்க பேரை எழுத இது என்ன நினைவுச்சின்னமா?" வேலுசாமியை நான் கூட்டி வருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சிறுமுகைப் பக்கம் வாழைத்தோட்டம் என்பது மட்டும்தான். காசிம் பாயும் கூட வருவேன் என்றார்.

"நீங்க எதுக்கு பாய்?"

"உன்னைய நம்ப முடியாது மணி. எவனாவது நெட்டையனைப் புடிச்சாந்து இவர்தான் வேலுசாமின்னு நிறுத்திப்போடுவே."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போத்தனூரிலிருந்து டவுன் பஸ் பிடித்தோம். காந்திபுரம் வரை கிட்டத்தட்டப் பத்து கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். அப்போது மேட்டுப்பாளையம் பஸ் காந்திபுரத்திலிருந்தே கிளம்பும். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஆறு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். ரயிலில் போகலாம் என்றார் பாய். ரயில்வே ஊரான போத்தனூரில் பிறந்தவர், இவருக்கு எங்கே போனாலும் ரயில்தான். நேரம் ஒத்துவராது என்று பஸ்ஸில் ஏற்றினேன்.

துடியலூரில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்ததும் மறுபடியும் ஆரம்பித்தோம். வேலுசாமியா சலீமா, வேலுசாமியா சலீமா என்று பெரியநாயக்கன்பாளையம் வரை குரல் ஏறிக்கொண்டே போனது. முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் திரும்பினார்.

"ஏனுங்க, எலெக்சன்ல நிக்கிற இந்த ரெண்டு பேருமே சுயேச்சைங்களா?"

பஸ்ஸே சிரித்தது. காரமடை தாண்டும்வரை நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஒரு டீ. அங்கிருந்து சிறுமுகைக்கு அடிக்கடி பஸ் உண்டு, எட்டு கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் வாழை. மலை பின்னால் தள்ளிப்போகப் போகக் காற்றில் ஈரம் ஏறும். இந்தத் துண்டு வழியில் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். சிறுமுகையில் இறங்கி டீக்கடையில் வேலுசாமி தோட்டம் எது என்று கேட்டேன்.

"எந்த வேலுச்சாமிங்க? லாரி வேலுச்சாமியா, தறிக்கார வேலுச்சாமியா?"

"முன்னாடி கோயமுத்தூர்ல ஃபுட்பால் ஆடினவருங்க. நெட்டையா இருப்பாரு."

"அட, பந்துக்காரர்னு சொல்லுங்க! வாய்க்கா மேட்டோட போங்க, ரெண்டு கிலோமீட்டரு. பந்துக்காரர் தோட்டம்னா சின்னப்புள்ளகூடச் சொல்லும்."

காசிம் பாயை ஒரு பார்வை பார்த்தேன். ஒன்பது வருடம் ஆகியும் இந்த ஊரில் என் ஆளுக்குப் பந்துதான் அடையாளம். கால் தரையில் பாவாமல் நடந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

வேலுசாமி வாழைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு, கையில் கத்தி, கொஞ்சம் தொந்தி. போத்தனூர் என்ற வார்த்தையைக் கேட்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நம்ம க்ளப்பு இன்னும் இருக்குதுங்களா? நீலச்சட்டைதானுங்களே?" என்று கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், என்ன வெட்கம்.

வீட்டில் அவர் மனைவி சரஸ்வதியக்கா எங்களைப் பேசவே விடவில்லை. "மொதல்ல சாப்புடுங்க, பொறவு பேசலாமுங்க" என்று அரிசிம்பருப்புச் சோற்றை நெய்யோடு போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன். சுவர், பத்துப் பெயர்கள், நாளைக்கு ஃபைனல், மழை செமிஃபைனல், கோல் கோட்டில் அவர் விழுந்து தடுத்தது. ஒரு பெரிய பேச்சாளர் மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

வேலுசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நானில்லீங்க."

"எது?"

"அந்தப் பந்தைத் தடுத்தது. நான் பாஞ்சேன், வழுக்கி உளுந்துட்டேன். பந்து என்னையத் தாண்டிப் போயிருச்சுங்க. பின்னால வந்து காலை உட்டுத் தடுத்தது சலீமு. வந்த வேகத்துல அவன் வலைக்குள்ள போய்ச் சுருண்டுட்டான். நான் கோட்டு மேல கெடந்தேன். ரெண்டு பேரும் சேத்துல முங்கி எந்திரிச்ச மாதிரி. நம்பரும் தெரியலை, மூஞ்சியும் தெரியலை. விசில் ஊதினதும் நீங்கெல்லாம் ஓடியாந்து என்னையத் தூக்கிட்டீங்க."

அன்றைக்கு ஓடிவந்து அவரைத் தூக்கியவர்களில் நான் முதல் ஆள்.

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனுங்க! தோள்மேல உக்காந்துட்டு 'நானில்ல, நானில்ல'ன்னு கத்துனேன். மேளச் சத்தத்துல யாருக்குக் கேக்குதுங்க? மாலையும் போட்டுட்டீங்க. அடுத்த வாரமே அப்பாவுக்கு முடியலைன்னு தாக்கல் வந்துச்சு. தோட்டத்துக்கு வந்தவன், அப்படியே நின்னுட்டேன்."

"மழை பேஞ்சாப் போதுமுங்க," என்றார்கள் சரஸ்வதியக்கா, "சலீமு மாலை, சலீமு மாலைன்னு பொலம்ப ஆரம்பிச்சுருவாரு. எந்தச் சலீமுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

காசிம் பாய் குதிப்பார் என்று நினைத்தேன். ஜெயித்தது அவர் ஆள் அல்லவா? ஆனால் மனுசன் தட்டில் மிச்சமிருந்த பருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு வாருங்கள், வந்து இதையே சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நாளைக்குத்தான் தார் வெட்டு, லாரிக்குச் சொல்லியாகிவிட்டது, தள்ளிப்போட்டால் காய் பழுத்துவிடும் என்றார். அவருக்கு வர ஆசை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு திடீரென்று எழுந்து தோட்டத்துக்குள் போனவர், தோளில் ஒரு நேந்திரன் வாழைத்தாரோடு திரும்பினார். தோட்டத்திலேயே அதுதான் பெரிய தார் என்று சரஸ்வதியக்கா கண்ணாலேயே சொன்னார்கள்.

"மைக்குல சொல்றது இன்னும் இருக்குதுங்களா? கோலுக்கு அன்பளிப்பு?"

"இருக்குதுங்க."

"அப்படின்னா சலீமுக்கு நான் குடுத்ததா சொல்லிப்போடுங்க. அந்தத் தடுப்புக்கு."

திரும்பும்போது அந்தத் தாரோடு நாங்கள் பட்ட பாடு தனிக் கட்டுரை. வாய்க்கால் மேட்டில் இரண்டு கிலோமீட்டர் மாற்றி மாற்றிச் சுமந்தோம். மேட்டுப்பாளையத்தில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொன்னார். வாங்கினேன். அதற்கப்புறமும் தார் வழியை மறைக்கிறது என்று சண்டை. கடைசி சீட்டில் நானும் பாயும், நடுவில் தார். காரமடையில் பாய் தாரைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு வேலுசாமியோட எடது காலைப் புடிச்சுத் தூக்கினது நான்தான் மணி. சலீம் வலைக்குள்ள கெடந்தான். அவனைத் தாண்டிக்கிட்டுத்தான் ஓடினேன்."

வலது காலைப் பிடித்தது நான். தார் சரிந்துவிடாமல் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. பத்துப் பேருக்கும் மாலை போட்டு முடித்ததும், "எங்கய்யா உன் வேலுசாமி?" என்றார் டேவிட் சார். தாரைத் தூக்கிக்கொண்டு நேராக மைக்கிடம் போனேன். மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியதை இத்தனை பேர் முன்னால் நானே இல்லை என்று சொல்ல வேண்டுமே!

"ஒம்பது வருசத்துக்கு முன்னாடி, செமிஃபைனல்ல, கோல் கோட்டுல பந்தைத் தடுத்தது வேலுசாமி இல்லைங்க. சலீம். நாமதான் ஆள் மாத்தித் தூக்கிட்டோம். இதைச் சொல்லச் சொன்னது வேலுசாமியேதான். அந்தத் தடுப்புக்காகச் சலீமுக்குச் சிறுமுகை வேலுசாமி அன்பளிப்பா வழங்குவது, ஒரு வாழைத்தார்!"

கோலுக்குத்தான் கைதட்டிப் பழகிய கூட்டம். ஒரு நொடி முழித்தது. அப்புறம் யாரோ விசிலடிக்க, ஒலிபெருக்கியே அடங்கிப்போகிற அளவுக்குக் கத்தினார்கள்.

சலீம் கிரீஸ் கையைக் கைலியில் துடைத்தபடி வந்தார். தாரைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். "அவர் வரலீங்களா?" என்றார். வெட்டு நாள் என்றேன். மைக்கை வாங்கிக்கொண்டார். அந்த மனுசன் மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை.

"தடுத்தது நான்தான்னு நானும் ஒரு தடவை பேக்கரியில சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க, உட்டுட்டேன். ஆனா ஒண்ணு. எனக்கு அந்தப் பந்து வர்றதே தெரியாதுங்க. நான் வேற ஆளைப் பாத்துட்டு நின்னேன். 'சலீமு, கோட்டுக்குப் போடா'ன்னு கத்துனது அவரு. கத்திட்டுத்தான் அவரும் பாஞ்சாரு. எம் பேரை எழுதுனா அவர் பேரையும் எழுதுங்க. இல்லாட்டி ரெண்டும் வேண்டாம்."

"பதினொண்ணுய்யா! டீமுக்குப் பதினொண்ணுதான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் டேவிட் சார்.

"செவுத்துல எடமிருக்குது சார்," என்றார் காசிம் பாய்.

அடுத்த ஞாயிறு தார் பழுத்தது. முதல் சீப்பைச் சலீம் ஒரு பையில் போட்டுக்கொண்டார், மூன்று பேரும் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தோம். வாய்க்கால் மேட்டில் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட வேலுசாமி, மடித்துக்கட்டிய வேட்டியோடு ஓடிவந்தார். அந்தத் தொந்தியோடு ஓடுவார் என்று நான் நினைக்கவேயில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இப்போது மேட்டுப்பாளையம் பஸ்களுக்குக் கோயமுத்தூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே தனி பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, காந்திபுரத்தில் போய் நிற்காதீர்கள். வாய்க்கால் மேட்டில் நிழல் குறைவு, காலையிலேயே நடந்துவிடுங்கள். தோட்டத்தில் சோறு போட்டால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். தார் கொடுத்தால் லக்கேஜ் டிக்கெட்டை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

போத்தனூர் மைதானத்துச் சுவரையும் பார்த்துவிட்டுப் போங்கள். பெயர்களை எண்ணிவிட்டு, பன்னிரண்டு இருக்கிறதே, தப்பாயிற்றே என்று வெளியூர் ஆட்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தக் கடைசி இரண்டு பேரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று என்னையும் காசிம் பாயையும் கேட்டால் இப்போதும் சண்டைதான் வரும். சலீமின் ஆட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் சிறுமுகையில் இறங்கிப் பந்துக்காரர் தோட்டம் எது என்று கேளுங்கள். வேலுசாமியின் ஆட்டத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடைக்காது. அதற்குத் திரும்பப் போத்தனூருக்குத்தான் வர வேண்டும், சைக்கிள் கடைக்கு.