உண்ணி காட்டிக்கொடுத்த பன்றி

ஒரு காட்டுப்பன்றியை எங்கள் லயத்து வரிசையில் இருக்கிற பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். வெளியே மூச்சு விடுவதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியமும் செய்தோம். அந்தச் சத்தியத்தை முதலில் உடைத்த புண்ணியவதி நான்தான்.

மஸ்கெலியா பக்கம், காட்டு ஓரத்தில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். லயத்துக்குப் பின்னால் நாங்கள் போட்ட உருளைக்கிழங்குப் பாத்திகளைப் பன்றிகள் கிளறித் தள்ளிக்கொண்டே இருந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தோட்டத் தலைவர் கடைசியில் கம்பிச் சுருக்கு வைத்தார். அது குற்றம். அந்த மாதிரிக் கம்பியில் சிறுத்தைகள் மாட்டிச் செத்ததால் வனவிலங்கு அதிகாரிகள் பக்கத்துத் தோட்டங்களில் ஆள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் சுருக்கில் மாட்டியதோ நல்ல கொழுத்த பன்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்களைக் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, ஒரு முனையை என் வீட்டுக்காரரும் மறுமுனையைத் தலைவரும் தூக்கி வந்தார்கள்.

இரண்டு பேருமே உட்கார்ந்து வெட்டினார்கள். பன்றியின் உடம்பு ஆற ஆற, அதன் முரட்டு மயிருக்குள்ளிருந்து உண்ணிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. அவற்றைப் பார்க்கத்தான் செய்தேன். ஆனால் என் கண் முழுக்கக் கறியின் மேல் இருந்தது.

பங்கு பிரித்ததும் தலைவர் எல்லோரையும் ரோதமுனி கோயிலுக்குக் கூட்டிப்போனார். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கே காவல் இருக்கிற சாமி அது. அந்த முனி முன்னால் பொய் பேச எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. எரிகிற கற்பூரத்தைத் தலைவர் உள்ளங்கையால் அடித்து அணைத்தார். “யாரு கேட்டாலும் பன்னிங்கிற பேச்சே வரக்கூடாது” என்றார். பின்னாலேயே நாங்களும் அடித்தோம்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் குளிக்கும்போது பிடரி மயிருக்குள் மரு மாதிரி ஒன்று தென்பட்டது. இழுத்தேன், வரவில்லை. நகத்தால் பிய்த்து அடுப்பில் போட்டேன், பட்டென்று வெடித்தது. அத்தோடு அதை மறந்தும் போனேன்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் அடித்தது. தலைவலி, மூட்டுவலி, எழுந்து நிற்க முடியவில்லை. டெங்குவாக இருக்கும் என்று பயந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தத்தில் டெங்கு இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பி, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் பரவின.

டாக்டர் ஒரு இளவயதுச் சிங்களப் பெண். என் வீட்டுக்காரருடைய உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கினித்துல்லா கடித்ததா?” என்று சிங்களத்தில் கேட்டார். உண்ணியைத்தான் கேட்கிறார்.

“நே, மிஸ்” என்றார் என் வீட்டுக்காரர். இல்லையாம்.

நாய், மாடு வளர்க்கிறீர்களா? நே. காட்டுக்குள் போனீர்களா? நே. டாக்டர் என் பக்கம் திரும்பினார். போர்வைக்கு அடியில் இவர் என் கையைக் கிள்ளினார். நானும் “நே” என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம்.

டாக்டர் வார்டை விட்டுப் போன கொஞ்ச நேரத்தில் இவர் பிதற்ற ஆரம்பித்தார். “கம்ப இறக்குங்க தலைவரே, தோளு எரியுது...” என்னைப் பார்க்கிறார், ஆனால் நான் யாரென்று தெரியவில்லை. சாமியாவது, சத்தியமாவது! இந்த மனிதன் போய்விட்டால் எந்த முனி வந்து எனக்குச் சோறு போடும்?

எழுந்து ஓடினேன். நீளமான நடைக்கூடத்தில் டாக்டர் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். “மிஸ்! வல் ஊரா! வல் ஊரா!” என்று கத்தினேன். காட்டுப்பன்றிக்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அதுதான். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா மட்டும், “கறி மிச்சம் இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டார்.

சுருக்கு, கம்பு, பிடரியில் பிய்த்த உண்ணி, எல்லாவற்றையும் அரைகுறைச் சிங்களத்தில் கொட்டினேன். “நான் டாக்டர், போலீஸ் இல்லை” என்றார் அந்தப் பெண். செத்த மிருகம் குளிர்ந்ததும் உண்ணி அடுத்த சூடான உடம்பைத் தேடிப் போகும், கடிக்கும்போது காய்ச்சலையும் கொடுத்துவிடும் என்று விளக்கினார். அதற்கென்று இருக்கிற மருந்தை அப்போதே தொடங்கினார்.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இவர் கண் திறந்து தேத்தண்ணி கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் சேர்த்து வாங்கி வந்தேன். இரண்டு வாய் குடித்ததும் கேட்டாரே ஒரு கேள்வி!

“சத்தியத்த முறிச்சிட்டியாடி?”

“பின்ன? தாலியக் கழட்டி வச்சுட்டு சத்தியத்தக் காப்பாத்தச் சொல்றீங்களா?”

அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். நான் கத்திய கதை அதற்குள் தோட்டத்துக்குப் போய்விட்டது. அன்றைக்குப் பார்வையாளர் நேரத்தில் தலைவரே வந்து நின்றார். காதை மூடிய குல்லா, ஸ்வெட்டர், இரண்டு கையும் பைக்குள். முகம் கறுத்துப் போயிருந்தது. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் முந்திக்கொண்டேன்.

“ஆமா தலைவரே, நான்தான் சொன்னேன். முனி கேட்டா முனிகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். உங்களுக்கு என்ன?”

“மெதுவா பேசு, தங்கச்சி” என்று கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து கைகளை எடுத்து என் முன்னால் விரித்தார். கற்பூரம் சுட்ட தழும்பு நடுவில் இருந்தது. அதைச் சுற்றிலும் சிவப்புப் புள்ளிகள்.

“நாலு நாளா காய்ச்சல். இங்க வந்தா என்னத்தச் சொல்றதுன்னுதான்...”

திட்ட வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது. மறுபடியும் அதே நடைக்கூடத்தில் ஓடினேன்.

“மிஸ்! கம்போட மறுமுனையத் தூக்குனவரும் வந்துட்டாரு!”