கொழுந்தன் தூக்கி வந்த வாளி

அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவள் ‘ஸ்டியரிங் அக்கா’. தொழிற்சாலைகள் கழித்துப் போடும் ஆபத்தான கழிவுகளை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருக்கும் கழிவு நிலையத்தில் பத்திரமாகச் சேர்ப்பது அவள் வேலை. எதை எதோடு சேர்த்து ஏற்றக்கூடாது என்பதில் மட்டும் யார் சொல்லுக்கும் மசியமாட்டாள். “மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்படியில விட்டாக்கூடப் பொழச்சுக்குவாங்க. அமிலத்தையும் சயனைடையும் ஒரே வண்டியில விட்டா ஒருத்தரும் பொழைக்க மாட்டோம்” என்பாள்.

தையற்காரரான அவள் கணவருக்கு இதில் பெருமைதான். பட்டறைத் தெருவில் வெல்டிங் கடை வைத்திருந்த கொழுந்தனுக்குத்தான் கூச்சம்.

“அண்ணி, யாராவது கேட்டா லாரி ஓட்டுறேன்னு மட்டும் சொல்லுங்க. கழிவு, கசடுன்னு எல்லாம் விளக்கிட்டு இருக்க வேணாம்.”

“ஏன் தம்பி, ஓட்டுறது நான். கூசுறது உங்களுக்கா?”

அதன்பிறகும் அவள் லாரி அந்தத் தெரு வழியாகப் போனால், அவன் ஏதோ வேலை இருப்பதுபோலக் கடைக்குள் போய்விடுவான். அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

ஒரு மழைக்கால மத்தியானம். அலுமினியம் உருக்கும் ஆலையிலிருந்து கசடு நிரப்பிய டிரம்களை ஏற்றிக்கொண்டு பட்டறைத் தெருவில் நுழைந்தாள். வழியை மறித்து ஒரு வேன் பழுதாகி நின்றது. காத்திருந்தபோது மூக்கைத் துளைக்கும் காரநெடி ஒன்று வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஒரு டிரம்மின் மூடியோரத்தில் வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருந்தது.

அந்தக் கசடு ஈரத்தோடு சேர்ந்தால் தானாகச் சூடேறும். நச்சுவாயுவும், தீப்பொறி பட்டால் வெடிக்கும் வாயுவும் கிளம்பும். தெருவிலோ இரண்டு பக்கமும் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது.

இறங்கி ஓடியிருக்கலாம். அவள் ஹாரனை விடாமல் அழுத்தினாள். “வேனைத் தள்ளுங்க! பொறி அடிக்கிறத நிறுத்துங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். நாலுபேர் சேர்ந்து வேனை ஓரங்கட்டியதும், தெருக்கோடியில் இருந்த வெற்று மைதானத்துக்கு லாரியைக் கொண்டுபோனாள். காற்று புகையைத் தெருப்பக்கம் கொண்டுபோகாத இடமாகப் பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தீயணைப்பு நிலையத்துக்கும் கழிவு நிலையத்துக்கும் தகவல் சொன்னாள்.

அதற்குள் கூட்டம் திரண்டுவிட்டது. புகையைக் கண்டவர்கள் வாளியும் குடமுமாக ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், தளும்பத் தளும்ப ஒரு வாளியோடு வந்தவன் கொழுந்தன்.

“தள்ளுங்க அண்ணி! பத்திக்கப் போகுது!”

“ஊத்தாதீங்க தம்பி!” இரண்டு கைகளையும் விரித்து அவன் வழியை மறித்தாள். “தண்ணிதான் இதுக்கு எமன். ஊத்துனீங்க, தெருவே மிஞ்சாது.”

“தண்ணி ஊத்தாம தீய எப்படி…”

“இன்னும் தீ இல்ல. வராமப் பாத்துக்கறேன். என்னை நம்புறீங்களா, இல்லையா?”

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். பிறகு திரும்பி, வாளியைத் தன் பின்னால் வந்தவர்கள் காலடியிலேயே கவிழ்த்தான். “யாரும் ஊத்தக்கூடாது! எங்க அண்ணி சொல்றாங்க, பின்னால போங்க!” என்று கூட்டத்தை ஆட்டுமந்தையைப் போல ஓட்டிக்கொண்டு போனான்.

‘எங்க அண்ணி’ என்ற சொல் அந்தப் பதற்றத்திலும் அவள் காதில் விழுந்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி லாரியின் எச்சரிக்கைப் பலகையைப் படித்தபடியே, “குழாயத் தொடாதீங்க” என்று ஆட்களை நிறுத்திவிட்டு அவளிடம் வந்தார்.

“எந்த டிரம், அம்மா?”

“இடதுபக்கம், கடைசி சார். மத்ததெல்லாம் தொட்டுப் பாத்தா சூடு இல்ல.”

கழிவு நிலையத்து ஆட்களும் வந்து, சூடேறிய டிரம்மை மட்டும் பதனமாக இறக்கி, தாங்கள் கொண்டுவந்த உலர்மணலுக்கு நடுவில் தனியாக வைத்துக் காவல் காத்தார்கள். பொழுது சாய்வதற்குள் புகை அடங்கியது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மற்ற டிரம்களை அவளே ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

“பயமா இல்லையா?” என்றார் கணவர்.

“இல்லாம என்ன? இப்பதான் கால் நடுங்குது. அப்ப நடுங்க நேரமில்ல.”

அவர் சிரித்துக்கொண்டே அவள் காலடியில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த டிரம் ஆலை முற்றத்தில் மழையில் நின்றதென்றும், மூடியின் ரப்பர் உள்வளையம் இற்றுப்போய் ஈரம் உள்ளே இறங்கியிருந்ததென்றும் பிறகு தெரிந்தது. அடுத்த முறை அவள் ஆலைக்குப் போனபோது, டிரம்கள் கூரைக்கடியில், புது வளையங்களோடு நின்றன. “பாத்து ஏத்திக்கம்மா” என்றார் மேற்பார்வையாளர். அவள் ஒவ்வொரு மூடியையும் கழற்றி, வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, திருப்தியான பிறகே ஏற்றச் சொன்னாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.