பத்து நாள் சமையல்

போன வாரம் ரவாங்கில் ஒரு கிளினிக்கில், என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த தாதி முகத்தைச் சுளித்துவிட்டு ஒரு தாளை நீட்டினாள். ரத்தக் கொதிப்புக்காரர்கள் என்ன சாப்பிடலாம் என்ற பட்டியல் அது. கீரை, பூண்டு, வாழைப்பழம், உப்புக் குறைத்த சாப்பாடு. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பட்டியலைப் பத்தொன்பது வயதிலேயே தலைகீழாக ஒப்பித்தவள் நான். வீட்டுக்கு வந்து சட்டியில் பூண்டை வதக்கினேன். வாசம் எழுந்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா லோரி ஓட்டினார். குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போவதும் வருவதும்தான் வேலை. அப்பாவுக்கு வாய் ஓயாது. லோரிச் சத்தத்தையும் மீறி அவர் பேச்சு நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குள் நுழைந்துவிடும். காலையில் மட்டும் பேசமாட்டார். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

"காதுக்குள்ள யாரோ இஞ்சின நிறுத்தாம விட்டுட்டுப் போயிட்டான், பாப்பா" என்பார்.

தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெஸ்ஸர் கொதிப்புக்கு மாத்திரை கொடுத்திருந்தார். அதைப் போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது, லோரியை எங்கே நிறுத்துவது என்று சொல்லி அப்பா டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை டவுனில் டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொண்டு வர வேண்டும். கொதிப்பு அதிகம் என்று டாக்டர் எழுதிவிட்டால் லோரிச் சாவியைக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் கொடுத்துவிட்டுக் குலை பொறுக்கப் போக வேண்டியதுதான்.

"ஐம்பது வயசுல என்னைக் குலை பொறுக்க விட்டா நான் செத்தேன்லா" என்றார் அப்பா.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த மேதாவி நான். பரீட்சைக்குப் பத்து நாள் விழுந்து விழுந்து படித்துத் தேறியவள், அதே வித்தையை அடுப்படியில் காட்டினேன். சோதனைக்குப் பத்து நாள் முன்பு உப்பு ஜாடி பரணுக்குப் போய்விடும். காலையில் முருங்கைக் கீரை, மத்தியானம் வாழைத்தண்டுக் கூட்டும் பூண்டு ரசமும். பக்கத்து மலாய்க் கம்பத்தில் இருந்த மக்சிக் அம்மா கொடுத்த புளிப்புப் பெலிம்பிங் பழத்தைப் பிழிந்து ஒரு தம்ளர். டின்னைத் திறந்து, அந்தப் பத்து நாளைக்கு மட்டும் மாத்திரையும் உண்டு.

"என்ன பாப்பா, இன்னிக்கும் பச்சைத் தண்ணிக் கொழம்பா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா விழுங்குவார்.

முதல் வருடம் தேறினார். இரண்டாம் வருடமும் தேறினார். தேறிய அன்றைக்கு டவுனில் இருந்து கருவாட்டுப் பொட்டலத்தோடுதான் வருவார். அம்மா அதைப் புளி ஊற்றிக் குழம்பு வைப்பாள். உப்பு ஜாடி பரணில் இருந்து இறங்கிவிடும், டின் மூடிக்கொள்ளும். மீதி வருடம் முழுக்கக் கருவாடுதான். நாலு வீட்டு லோரிக்காரர்களின் பெண்டாட்டிமார் என்னிடம் வந்து பக்குவம் கேட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருடத்தில் இரண்டு முறை அப்பாவின் தலையணையில் ரத்தக் கறை இருந்தது. மூக்கு உடைந்திருக்கும், வெயில் சூடு என்றாள் அம்மா. நானும் உறையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

மூன்றாம் வருடம் டாக்டரே அப்பாவின் தோளைத் தட்டி, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாராம். அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம் டிரெஸ்ஸர் எங்கள் லயத்துக்கு வந்தார். கையில் கொதிப்பு அளக்கும் கறுப்புப் பெட்டி.

"அப்பா இருக்காரா? சும்மா ஒரு தடவ பார்த்துட்டுப் போறேன்."

அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாகக் கருவாடு. எழுப்பினால் பெட்டி என்ன காட்டும் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் வாசலை மறித்து நின்றேன்.

"அப்பா வெளிய போயிருக்காரு, சார். டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரே."

அவர் உடனே போகவில்லை. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"நீ டாக்டருக்குச் சமைக்கிறியா, அப்பாவுக்குச் சமைக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை ஆலை வாசலில் லோரிகள் வரிசையாக நின்றன. வரிசை நகர்ந்தது, அப்பாவின் லோரி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்களாம். அப்பா ஸ்டீரிங் மேல் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

பிழைத்தார். ஒன்பது வருடம் இருந்தார். அத்தனை நாளும் உப்பில்லாமல் நானே சமைத்தேன், நானே ஊட்டினேன். ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை.

இப்போது அந்தப் பக்கம் போனால் வழி தெரியாது. லயங்களை இடித்துவிட்டார்கள், மருந்தகம் இருந்த மேட்டில் வரிசை வீடுகள். ஆலைப் புகைக்கூண்டும் இல்லை. அதற்கெல்லாம் வெகுநாள் முன்பே, அந்த வியாழக்கிழமையோடு, அப்பாவின் பேச்சு போய்விட்டது. லயம் முழுக்கக் கேட்ட அந்தப் பேச்சில், தொண்டைக்குள் இருந்து வரும் ஒரே ஒரு சத்தம்தான் மிச்சம். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான்.

கடைசி வருடத்தில் ஒருநாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அன்றைக்கு டிரெஸ்ஸர் வந்தார் அப்பா, நீங்கள் வீட்டில் இல்லை என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பியது நான்தான் என்று. அப்பா மெல்லுவதை நிறுத்தினார். என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தச் சத்தம் வந்தது. வழக்கத்தைவிட நீளமாக, இரண்டு தடவை.

திட்டினாரா, போகட்டும் விடு என்றாரா? எனக்கு இன்றுவரை தெரியாது.