பாங்குக்கு முன் வந்த பேய்கள்

எங்கள் தெருவில் ஒரு பேய் பாஸா ஃபெயிலா என்று தீர்மானிக்க ஒரே வழிதான் இருந்தது. எங்கள் வீட்டு டிவியில் வாராவாரம் வரும் பேய்த் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசலில் அந்தித் தொழுகையான மக்ரிபுக்குப் பாங்கு சொல்வார்கள். உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து டிவியை அணைப்பார். உடனே, பார்க்க வந்த தெருப் பிள்ளைகள் எல்லோரும் கொல்லைக் குழாயடிக்குப் போய்த் தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். கொல்லையில் தென்னைகளும் ஒரு முருங்கையும் நிற்கும். இருட்டிக்கொண்டு வரும் நேரம் வேறு. எவளாவது ஒருத்தி துணைக்கு ஆள் தேடாமல் குழாயடிக்குப் போய்விட்டால் அந்த வாரத்துப் பேய் ஃபெயில். எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு ஒரே கும்பலாகப் போனால் பாஸ். மேல்முறையீடு கிடையாது. ஜட்ஜ் நான்.

நான் ஜட்ஜ் ஆனதற்குக் காரணம், அந்தத் தொடர் எடுக்கப்பட்ட புத்தகங்கள் என்னிடம் இருந்தன. அதிராம்பட்டினத்தில் அப்போது பெரும்பாலான வீடுகளில் ஓர் ஆளாவது வெளிநாட்டில் இருந்தார். அப்படிப்பட்ட வீடுகளில் கேபிள் ஒயர் இருக்கும், வாசனை சோப்பு இருக்கும், ஆம்பளை மட்டும் இருக்க மாட்டார். என் வாப்பா சார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தார். அங்கே விற்காமல் கிடக்கும் புத்தகங்களின் அட்டையைக் கிழித்து ஒதுக்கிவிடுவார்களாம். குப்பைக்குப் போக வேண்டிய அவற்றைக் கேட்டு வாங்கி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். ஆங்கிலத்தில் குழந்தைகளுக்கு எழுதிய பேய்க் கதைகள். அட்டை இல்லாததால் உம்மாவுக்கு அவையெல்லாம் பாடப் புத்தகங்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எந்நேரமும் இங்கிலீஷ்தான் படிக்கிறா" என்று பெருமையாகச் சொல்வார். உள்ளே ஒரு பிணம் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

கேபிளில் அதே கதைகள் தொடராக வர ஆரம்பித்ததும் குட்டு உடைந்தது. ஆனால் அதற்குள் உம்மாவுக்கும் ருசி தட்டிவிட்டது. அரிசி புடைக்கிற சாக்கில் சுளகோடு வந்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு வாய் நீளம். படம் ஓட ஓட ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே வருவேன். உம்மா அதற்கு மேல் ஒரு விமர்சனம் வைப்பார். அவருக்குப் பேய்கள் மேல் கோபமே வந்ததில்லை, பெற்றவர்கள் மேல்தான்.

"பச்சப் புள்ளையைத் தனி ரூம்ல போட்டுக் கதவைச் சாத்துனா பேய் வராம வேற என்ன வரும்? பெத்தவளைச் சொல்லணும்."

அந்தத் தொடரில் பாதிப் பேய்கள் வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் குடியிருந்தன. எங்கள் ஊரில் இரண்டு மண்வெட்டி போட்டாலே தண்ணீர் ஊறும். அங்கே எப்படி அத்தனை பேய்கள் ஈரம் படாமல் இருக்கின்றன என்று ஒரு வாரம் முழுக்க விவாதித்தோம். பனியில் வந்த பேய் மீது எங்களுக்கு மரியாதையே வரவில்லை. வெயிலில் கொஞ்சம் விட்டால் கரைந்து போகிற ஆசாமி. அன்றைக்குத் தெருவிலேயே சின்னப் பெண் தனியாகப் போய் ஒளு செய்துவிட்டு வந்தாள். தானாக ஓடும் தையல் மிஷின் வந்த வாரம் மட்டும் எல்லோரும் கும்பலாகப் போனோம். எல்லோர் வீட்டிலும் தையல் மிஷின் இருந்தது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பாங்கு வருவது எப்போதும் கதை முடியப் போகும் நேரத்தில்தான். பாங்கு சத்தம் கேட்டால் டிவி அணைய வேண்டும் என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். தொழுதுவிட்டு வந்து போட்டால் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு கதையின் முடிவைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. முடிவைப் புத்தகத்திலிருந்து நான் சொல்வேன். குழாயடிக்குப் பக்கத்தில் துவைக்கிற கல் மேல் ஏறி உட்கார்ந்து நான் சொல்ல, அத்தனை பேரும் ஈர முகத்தோடு நின்று கேட்பார்கள். அந்தச் சுகத்துக்கு இணையாக எனக்குப் பிற்பாடு எதுவும் வாய்க்கவில்லை.

அதே முடிவுகளை வாப்பாவுக்கும் சொல்வேன். போன் பேசினால் காசு பறக்கும் என்பதால் எங்கள் வீட்டில் பேச்சை கேசட்டில் பதிந்து அனுப்புவோம். உம்மா ஒரு பக்கம் முழுக்கக் குடும்ப விஷயம் பேசுவார். மறுபக்கம் எனக்கு. அங்கேயும் அந்தத் தொடர் வருகிறது, ரூமில் எல்லோரும் பார்க்கிறோம் என்று வாப்பா பதில் கேசட்டில் சொல்லியிருந்தார். "முடிவை மட்டும் விடாம சொல்லணும்மா" என்பார் ஒவ்வொரு தடவையும். பார்க்கிறவருக்கு எதற்கு முடிவு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பள்ளிக்கூடப் படக் கதை வரும் வரைக்கும்.

அந்தக் கதை இதுதான். ஒரு வகுப்பில் எல்லோரையும் நிற்க வைத்துக் குழுப் புகைப்படம் எடுக்கிறார்கள். தினம் ஒரு பிள்ளை அந்தப் படத்திலிருந்து மறைந்துபோகிறது. மறைந்த பிள்ளையை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை, பெற்றவர்களுக்குக்கூட. ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் எல்லோரும் நினைவில் இருக்கிறார்கள். புத்தகத்தில் அந்தப் பெண் காலி வகுப்பில் நின்று, மறைந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒவ்வொருவராக "உள்ளேன்" என்று சொல்லித் திரும்பி வருவார்கள். நான் எத்தனையோ தடவை படித்த கதை. கல் மேல் உட்கார்ந்து குரலை ஏற்றி இறக்கி அந்த முடிவைச் சொன்னேன். இரண்டு பேர் அழுதேவிட்டார்கள்.

மறுநாள் பள்ளிக்கூட வேனில் டீச்சர் வீட்டுப் பெண் என்னிடம், "அப்படி முடியல" என்றாள்.

அவள் என் வகுப்பு. அவள் அம்மா அரசுப் பள்ளியில் டீச்சர். தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி எங்கள் பின் தெருவுக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் ஜெபமாலை சொல்வது ஏழு மணிக்கு மேல் என்பதால் அவள் வீட்டு டிவி கடைசி வரைக்கும் ஓடும். அவள் பார்த்த முடிவில் அந்தப் பெண் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவளே படத்திலிருந்து மறைந்துவிடுகிறாள். மறைந்தவளின் வீட்டில் அவள் அம்மா சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டைக் குறைத்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்காருகிறாள். அவ்வளவுதான். யாரும் திரும்பி வருவதில்லை.

"நீ தூங்கிருப்பே. எந்த அம்மாவாவது தட்டைக் குறைப்பாளா?" என்று கத்தினேன்.

"நான் பார்த்தேன்டி."

"நான் படிச்சேன்டி."

வேன் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ரெண்டு பேரில் ஒருத்தி புளுகுகிறாள் என்று மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் துவைக்கிற கல்லைச் சுற்றி ஆள் குறைந்தது. நானும் அவளும் பேச்சை நிறுத்தினோம். ஜட்ஜ் பதவி போவது பெரிதாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளுக்குள் என்னை உறுத்தியது வேறு. பட்டுக்கோட்டை ஸ்டுடியோவில் எடுத்து எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தில் உம்மாவும் நானும்தான் இருந்தோம். படத்தில் இல்லாத ஆள் திரும்பி வருகிற முடிவுதான் எனக்கு வேண்டும். வேறு எந்த முடிவையும் அந்த வீட்டுக்குள் நான் விடுவதாக இல்லை.

அடுத்த கேசட்டில் வாப்பாவுக்கு உத்தரவு போட்டேன். பள்ளிக்கூடப் படக் கதை அங்கே மறுபடி வரும்போது அதை முழுசாக வீடியோவில் பிடித்து, லீவுக்கு வரும்போது கொண்டு வர வேண்டும். அதைப் பார்த்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று டீச்சர் வீட்டுப் பெண்ணிடமும் ஆள் விட்டுச் சொன்னேன். அவளும் சரி என்று சொல்லி அனுப்பினாள்.

வாப்பா வந்தார். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள், அவற்றில் ஒன்றுக்குள் புத்தம் புது வீடியோ டெக். முதல் நாள் அவரைப் பார்த்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசலில் நின்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல "வாங்க" என்றேன். அவரும் விருந்தாளிபோலவே செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சாயங்காலத்துக்குள் அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது. அவர் தோளில் தொங்கிக்கொண்டு பெட்டிகளை மேற்பார்வை பார்த்தேன்.

பள்ளிக்கூடமும் லீவான வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். தெருப் பிள்ளைகள் முழுக்க வந்திருந்தார்கள். ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கினோம். டீச்சர் வீட்டுப் பெண் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். உம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து ஒரு கை நிறைய முந்திரி கொடுத்தார். எதிர்க்கட்சிக்கு முந்திரி கொடுத்ததில் எனக்கு எரிச்சல்.

டெக் ஓடியது. படம் எடுக்கிறார்கள், பிள்ளைகள் மறைகிறார்கள். அந்தப் பெண் காலி வகுப்புக்குள் வருகிறாள். கரும்பலகைக்கு முன் நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

"அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்."

திரையில் ஒரு பெரிய பள்ளிவாசல். பாங்கு.

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதற்குள் உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டார். பாங்கும் நின்றுவிட்டது. உம்மா சுவிட்சில் கை வைத்தபடி நின்றார். பாங்கு எங்கே போயிற்று என்று அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

முதலில் சிரித்தது டீச்சர் வீட்டுப் பெண்தான். வாயிலிருந்த முந்திரி தெறித்தது. பிறகு கூடமே உருண்டது. உம்மாவும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், டிவில பாங்கு போட்டா டிவியை அணைக்கிறதா, வேண்டாமா? யாரைக் கேக்குறது?" என்றார். வாப்பா மறுபடி டிவியைப் போட்டார். பாங்கு முழுக்க ஓடி முடிந்தபோது திரையில் நடித்தவர்களின் பெயர்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. கதை முடிந்துபோயிருந்தது.

"வாப்பா!" என்று அலறினேன். "முழுசாப் பிடிக்கச் சொன்னேன்ல?"

"டெக்கை ஓட விட்டுட்டுத் தொழப் போயிட்டேம்மா. அங்க டிவிலயே நடுவுல பாங்கு போடுவாங்க. அதுக்கப்புறம் என்ன வரும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பாங்கு சொன்னா ரூமே எழுந்து போயிடும். ஒரு கதைக்கும் நாங்க முடிவு பார்த்ததில்ல." கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "உன் கேசட் வந்தாத்தான் எங்களுக்கு முடிவு. பாயைச் சுத்தி உக்காந்து அத்தனை பேரும் கேப்போம். கேசட் லேட்டானா என்னைத்தான் திட்டுவானுவ."

துவைக்கிற கல்லைச் சுற்றி இருந்ததைவிடப் பெரிய கூட்டம் எனக்குக் கடல் தாண்டி இருந்திருக்கிறது! சந்தோஷத்தில் காது சூடானது. டீச்சர் வீட்டுப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன், பார்த்தியா என்கிற மாதிரி.

வாப்பா அவள் பக்கம் திரும்பினார். "நீ கடைசி வரைக்கும் பார்த்தவளாமே. நீ சொல்லும்மா, அதுல எப்படி முடியுது?"

அவள் சொன்னாள். தட்டைக் குறைத்து வைத்ததையும் சொன்னாள். வாப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அப்போ அந்தப் பொண்ணு வரவே மாட்டாளா?"

"மாட்டா அங்கிள்."

"இதை எங்க ரூம்ல போய் எப்படிச் சொல்றது?" என்று அவர் யாரிடமும் இல்லாமல் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள், சுவரில் இருந்த ஸ்டுடியோ படத்தையும் பார்த்தாள். "டிவில தப்பா எடுத்துட்டாங்க அங்கிள். இவ சொல்றதுதான் சரி" என்றாள். அவள் அப்படி விட்டுக்கொடுத்ததும் எனக்கு என் முடிவின் மேல் இருந்த வீம்பெல்லாம் போய்விட்டது. நகர்ந்து போய் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். மிச்ச முந்திரியில் பாதியை என் கையில் கொட்டினாள்.

அப்போது பள்ளிவாசலில் நிஜமாகவே பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். உம்மா முதலில் டிவியைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். போர்வையை அவிழ்த்ததும் கூடத்துக்குள் வெயில் கொட்டியது. அந்த வெளிச்சத்தில் யாருக்கு என்ன பயம்? பிள்ளைகள் தனித்தனியாக, கத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள். கொல்லை வாசலில் வாப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"யாராச்சும் துணைக்கு வாங்களேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன். அந்தப் பிடி விளையாட்டுக்குப் பிடித்த பிடியாக இல்லை.

"பயமா வாப்பா?"

"தட்டைக் குறைச்சு வச்சா பயமா இருக்காதா?" என்றார்.

ஜட்ஜ் என்றால் நியாயம் பார்த்துத்தான் ஆக வேண்டும். பட்டப்பகலில், தென்னைகளுக்கு நடுவே, முழு ஆம்பளை ஒருவரைத் துணை தேட வைத்த பேய் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. டீச்சர் வீட்டுப் பெண் பார்த்த முடிவு பாஸ் என்று குழாயடியில் எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். அவள் துவைக்கிற கல் மேல் ஏறி நின்று கை தட்டினாள். வாப்பா அப்போதும் என் கையை விடவில்லை. ஒரு கையை வைத்துக்கொண்டு எப்படி வாப்பா ஒளு செய்வது என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.