பட்டியைத் திறந்த நாள்

மகள் விடுதியிலிருந்து வந்து பதினாறு நாளாகிறது. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காக ஒன்றரை வருடம் அங்கே இருந்தாள். போன் செய்யும்போதெல்லாம் விடுதிக்கார அம்மா, "உங்க மோளு நல்ல அனுசரணையாக்கும், சொன்னா சொன்ன எடத்துல இருப்பா" என்பார். அதை சர்ச்சில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது அவள் அறைக் கதவு திறந்தேதான் கிடக்கிறது. அவள் கட்டிலின் ஒரு மூலையில் இருக்கிறாள். தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதற்கும் என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்கு மாமியின் முயல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவின் அக்காவை நாங்கள் மாமி என்போம். இருபது வருடம் மதுரைப் பக்கம் நர்சு வேலை பார்த்துவிட்டு ஆரியங்கோட்டுக்குத் திரும்பியவர். ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் யாருக்கும் வேண்டாத பிராணிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெரியாத பசு, மூன்று கால் ஆடு, காரணமில்லாமல் குரைக்கும் ஒரு நாய். அந்தக் கூட்டத்தோடு ஒன்பது முயல்களும் ஆட்டோவில் வந்து சேர்ந்தன. இறைச்சிக்காக நடத்தி நொடித்துப்போன ஒரு பண்ணையில் தீனியில்லாமல் கிடந்தவை.

ரப்பர் வெட்டும் அண்ணன் எட்டிப் பார்த்தார். "எப்பளாக்கும் சட்டியில ஏத்துறது?"

"எலே, உன்ன ஏத்தினாலும் இதுகள ஏத்த மாட்டேன். போய் வேலையப் பாரு."

முயல்களுக்கென்று வலை அடித்த அடைப்பு ஒன்று உண்டாக்கினார் மாமி. உள்ளே மண்ணும் புல்லும். ஆனால் அவை பிறந்ததிலிருந்து கம்பி மேலேயே வாழ்ந்தவை. உள்ளங்காலில் முடி உதிர்ந்து புண். மாமி விரித்த சாக்கின் மேல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன, மண்ணில் இறங்கவில்லை. காலையில் பலா இலையைச் சாக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பார். மாலையில் அது அங்கேயே வாடிக் கிடக்கும். புது இலையைச் சாக்கின் மேலேயே வைத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவார். தினமும் இதே வேலை. பிந்தி அவை இறங்கின, ஒன்று குழிகூடத் தோண்டியது. எத்தனை நாளில் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. கேட்க மாமியும் இன்று இல்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஒரு சனிக்கிழமை. என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கிளம்பும்போது மாமி சொன்னார், "நெய்யாற்றின்கரை போய் புண்ணுக்கு மருந்து வாங்கீட்டு வாறேன். பட்டியத் திறந்திராத மக்கா. திறந்தா ஒரு முயலு மிஞ்சாது."

எங்கள் பக்கத்தில் பட்டி என்றால் நாய். நான் நாய்க்கூட்டின் கதவுக்கு ஒரு கயிறும் சேர்த்துக் கட்டினேன். நாய் பத்திரம் என்றானதும் முயல்கள் மேல் இரக்கம் வந்தது. பாவம், வெளியே விளையாடட்டும் என்று அவற்றின் அடைப்பை விரியத் திறந்து வைத்தேன். மதுரையில் ஆடுமாடு அடைக்கும் இடத்துக்குத்தான் பட்டி என்று பெயர் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மாமி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டார். பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"பட்டியத் திறக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"திறக்கல்ல மாமி. பட்டி கூட்டுலதான உண்டு?"

கூட்டிலிருந்து நாய் எனக்காகச் சாட்சி சொல்லிக் குரைத்தது.

மாமி அடைப்புக்குள் குனிந்து எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பதும் சாக்கின் மேலேயே, காலையில் இருந்த இடத்திலேயே இருந்தன. மத்தியானம் முதல் கதவு திறந்து கிடந்திருக்கிறது. ஒன்றுகூட அதன் பக்கம் வரவில்லை. மாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அடி விழாது என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. "நல்ல அனுசரணையுள்ள முயலுகளாக்கும் மாமி. திறந்து போட்டும் ஒண்ணும் போவல்ல."

மாமி ஒரு சாண் தள்ளிக் கிடந்த வாடிய இலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

ஒன்றும் தொலையவில்லையே, இதற்குப் போய் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன், மாமியின் முயல்கள் சொன்னால் சொன்ன இடத்தில் இருக்கும் என்று.