நிமிடத்துக்கு ஐம்பது தட்டு

“பாண்டியண்ணா, நேத்து என்ர கிட்டார் வெளிய கேக்கவே இல்லீங்களே?”

“கேட்டுச்சுங்களே.”

“வீடியோவுல இல்லீங்க.” ரேணுகாக்கா என் கைபேசியை அவரிடம் நீட்டினார். குன்னூர்க் கல்யாணம் ஒன்றில் நான் எடுத்த வீடியோ அது.

இன்னிசைக் குழு நடத்தும் பாண்டியன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நான்தாங்க சவுண்ட் மிக்ஸர்ல உங்க சத்தத்தக் குறைக்கச் சொன்னேன். நீங்க தாளத்துக்கு முன்னால ஓடறீங்க. ரெண்டாவது சரணம் வந்தாப் போதும், கடைசி பஸ்ஸப் புடிக்கறாப்ல ஓடறீங்க.”

“எத்தன கச்சேரியா குறைக்கறீங்க?”

“மூணு.”

“அப்ப எதுக்குங்க என்னைய மேடையில நிறுத்துனீங்க?”

“கிட்டாரோட ஒரு லேடி நின்னா மேடைக்கு அழகுதானுங்க.”

“அழகுக்குப் பூந்தொட்டி வைங்க. நான் வாசிக்க வந்தவ.”

கிட்டாரை உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜெகதளாவில் அவருக்கு மேல்வீட்டில் குடியிருக்கும் நானும் கூடவே பஸ் ஏறினேன்.

ரேணுகாக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. காரமடையிலிருந்து கல்யாணமாகி மலையேறியவர். வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தர். கணவர் குந்தா மின்நிலையத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறார்; வாரக் கடைசியில்தான் வருவார். நாற்பதாவது வயதில் கிட்டார் வாங்கி, வீடியோ பார்த்துத் தானே பழகினார். பொழுது போகாமல் செய்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, “பொழுது பத்தாமத்தான் அஞ்சு மணிக்கு எந்திரிக்கறேன்” என்றாராம்.

மறுநாள் காலை அவருடைய கைபேசியில் மெட்ரோனோம் அடிக்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று வைத்துவிட்டால், மாறாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அவர் ஓடுகிற அந்தப் பாட்டின் வேகம் தொண்ணூறு. அவர் ஐம்பதில் வைத்தார். வேகமாக வாசித்தால் மறைந்துவிடும் பிழையெல்லாம் ஐம்பதில் மேல்வீட்டிலிருந்த எனக்கே கேட்டது.

எங்கள் இரண்டு வீடுகளுக்கும் சொந்தக்காரரான ராக்கம்மா வாசலில் வந்து நின்றார்.

“ரேணுகா, அந்த டிக் டிக் என் மண்டைக்குள்ளயே அடிக்குது.”

“உங்க குக்கர் விசிலுக்கு நான் ஏதாச்சும் சொன்னனாங்க்கா?”

“விசிலடிச்சா சோறாவது வெந்துரும்.”

“இதுல நான் வேகறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

டிக் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் அவரே கண்டுபிடித்துவிட்டார்: ஒரு விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டிய இடம் வந்தால் போதும், பிந்திவிடுவோமோ என்று பயந்து முன்கூட்டியே பாய்ந்துவிடுகிறார். அந்த ஒரு இடத்தை மட்டும் இரண்டு வாரம் வாசித்தார். விரல் விறைத்தால் டீ டம்ளரைப் பிடித்துச் சூடேற்றிக்கொள்வார். பிறகு நாலு தட்டில் மூன்றை நிறுத்திவிட்டு, அந்த மூன்றையும் தன் மனசுக்குள்ளேயே எண்ணினார். சரியாக விழும்போது டிக் சத்தம் கம்பியின் சத்தத்துக்குள் போய்விடும், தனியாகக் கேட்காது. அப்படி ஒரு முழுப்பாட்டு வருவதற்கு மூன்று மாதமானது.

வெலிங்டனில் ஒரு பணிநிறைவு விழாக் கச்சேரிக்குப் பாண்டியன் மறுபடி அழைத்தார். ரேணுகாக்கா ஸ்பீக்கரில் போட்டதால் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

“வாங்க. ஆனா ஒரு எடத்துல ஓடுனாலும் குறைச்சிருவேனுங்க.”

“வர்றேனுங்க” என்று மட்டும் சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசுகிறவள் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்னிடம்தான் கேட்டார்.

“கண்ணு, அந்த மிக்ஸருக்குப் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துக்க. நாலாவது திருகுதான் என்ர கிட்டார் சத்தத்துக்கு. நான் தப்பா வாசிச்சாலும் அதுமேல யார் கையும் படாமப் பாத்துக்க. தப்புன்னா எல்லாரும் கேட்டுட்டே போகட்டும்.”