பேப்பர் டேப்பின் மறுமுனை

மனைவி இறந்த பிறகு படூர் ஃப்ளாட்டில் நான் மட்டும்தான். இந்தக் கோடையில் ஹால் ஃபால்ஸ் சீலிங்கில், இரண்டு போர்டு சேரும் இடத்தில் நீளமாக விரிசல் விட்டது. நானே சரிசெய்யலாம் என்று டேப் வாங்கப் போனேன்.

கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். "சீலிங்குக்கு பேப்பர் டேப்புதான் சார் நிக்கும். ஆனா ஒட்டறப்போ இன்னொருத்தர் முனைய புடிச்சிக்கணும். இந்த வலை டேப்புல கோந்து தடவியே கீது, தனியாவே ஒட்டிடலாம். வூட்ல ஆள் கீறாங்களா?"

"மனைவி இருக்கா" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பேப்பர் டேப்போடு ஏணியில் ஏறினேன். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை கழன்று, விரிசலில் பூசியிருந்த ஈரப் பட்டி மாவோடு தோளில் விழுந்தது. மறுபடியும் விழுந்தபோது, "கொஞ்சம் பிடியேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறகு ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

மறுநாள் போய் வலை டேப் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

"இன்னா சார், வூட்டம்மாவுக்குக் கை வலிச்சிடுச்சா?"

"ஆமாம்பா, அவளால முடியல."

"பாவம், தைலம் தடவிக்கச் சொல்லு சார்."

திரும்பும் வழியில் மருந்துக்கடையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். தோள் வலித்தது எனக்குத்தான். ஆனாலும் அந்தத் தைலத்தை அவளுக்கென்றுதான் வாங்கினேன்.